பத்துப் புள்ளியில் ஒரு முகம்

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம், ஆறே முக்கால் மணி இருக்கும், எதிர் வீட்டு ஆச்சி அகல் விளக்கை வாசல் படியில் வைத்துவிட்டு நிமிரும்போது ஒரு பைக் வந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது மணிக்கட்டில் முறிவு, முழங்கையில் பெரிய காயம். நாங்கள் சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் கேமரா இருக்கிற வீடு எங்களுடையது மட்டும்தான், அதனால் ஆச்சியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு எல்லாரும் நேராக எங்கள் வீட்டு மானிட்டர் முன்னால் வந்து நின்றார்கள்.

படம் இருந்தது. பைக் வருவது தெரிந்தது, ஆச்சி விழுவது தெரிந்தது, அவன் ஒரு நொடி திரும்பிப் பார்ப்பதுகூடத் தெரிந்தது. முகம்தான் தெரியவில்லை. மறுநாள் ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு, "தம்பி, அந்த இடத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்றார். பெரிதாக்கினால் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் பெரிதாயின. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, கேமராப் படத்தைப் பதிவு செய்கிற பெட்டியான டிவிஆரின் கடிகாரம் 17 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் அவர் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கட்டுப் போட்ட கையோடு ஆச்சி வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எய்யா, மூஞ்சி தெரிஞ்சுதா?" என்பதுதான். இல்லை ஆச்சி என்று சொல்வது எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்தது. அன்றைக்குத்தான் எங்கள் பழைய கேமராவில் முகம் தெரிய வைக்கும் இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து ரொம்பத் தூரமில்லை. 2013-ல் அப்பா வீடு கட்டும்போதே நான்கு அனலாக் கேமராவும் நான்கு சேனல் டிவிஆரும் வைத்தார். சுவருக்குள் பைப் போட்டு, அதற்குள் 3+1 கேபிள் இழுத்து, வெளியே ஒரு வயர்கூடத் தெரியாமல் செய்திருந்தார். 3+1 என்பது படம் போகிற ஒரு கோஆக்ஸ் வயரும் கரண்டுக்கான மூன்று மெல்லிய வயர்களும் ஒரே உறைக்குள் வருகிற கேபிள், நம் ஊர்ப் பழைய கேமரா வீடுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

முதலில் பார்க்க வந்த டெக்னீசியன் தம்பி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அண்ணாச்சி, இதெல்லாம் பழசு. மொத்தத்தையும் பிடுங்கிட்டு ஐபி போட்டாத்தான் கிளியரா இருக்கும்." ஐபி என்றால் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புகிற கேமரா. எங்கும் கேட்கிற ஆலோசனைதான், புது வீடு என்றால் நானும் அதையேதான் சொல்வேன். ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் கரண்டும் போய்விடும், 100 மீட்டர் வரை பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பைப்பில் மூன்று இடத்தில் செங்கோணமாக வளைவு இருக்கிறது, கேட் பக்கம் போகிற பைப்பில் எப்போதோ சிமெண்ட் பால் இறங்கி இறுகியிருக்கிறது. எலக்ட்ரீசியனை வைத்து ஸ்பிரிங் விட்டுப் பார்த்தோம், பாதியிலேயே நின்றுவிட்டது. புது வயர் என்றால் சுவரை உடைக்க வேண்டும். உடைத்து, பூசி, பெயின்ட் அடித்து எல்லாம் சேர்த்து வந்த தொகை 40,000 ரூபாய்க்கு மேல். அம்மா தொகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட பைப்புய்யா" என்றார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அந்தக் கோஆக்ஸ் வயரில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் நான் கண்டுகொண்டதில் முக்கியமானது. குறை அதன் இரண்டு முனையிலும் இருக்கிற கருவிகளில்தான். பழைய அனலாக் படம் நம் ஊர் டிவியின் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியது: மொத்தம் 625 வரி, அதில் கண்ணுக்குத் தெரிவது 576. டிவிஆர் அதைப் பதிவு செய்யும்போது 704-க்கு 576 பிக்ஸல், பெருக்கினால் ஏறக்குறைய 4 லட்சம் புள்ளிகள். கேமரா அட்டையில் 700 டிவிஎல் (தெளிவைச் சொல்கிற டிவி வரிக் கணக்கு) என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் அந்த 576 வரியைத் தாண்ட வழியில்லை. ஆனால் அதே கோஆக்ஸ் வயரில் ஹெச்டி படத்தை அனலாக்காகவே அனுப்புகிற முறைகள் 2012-லிருந்து வர ஆரம்பித்தன. தாஹுவா என்ற சீனக் கம்பெனி ஹெச்டி-சிவிஐ கொண்டுவந்தது, அப்புறம் ஹெச்டி-டிவிஐ, ஏஹெச்டி. இப்போது கடையில் கிடைக்கிற சாதாரண 2 மெகாபிக்ஸல் கேமரா 1920-க்கு 1080 பிக்ஸல், அதாவது 20.7 லட்சம் புள்ளிகளை, அப்பா போட்ட அதே வயரில் அனுப்பும். ஐந்து மடங்கு. தூரம்கூட நல்ல கோஆக்ஸில் சில நூறு மீட்டர் தாங்கும், எங்கள் வீட்டில் மிக நீளமான வயரே 35 மீட்டர்தான்.

இங்கே வரிசை முக்கியம், இதை அழுத்திச் சொல்கிறேன். முதலில் மாற்ற வேண்டியது டிவிஆர். நான் அவசரத்தில் கேமராவை முதலில் வாங்கிப் பழைய டிவிஆரில் மாட்டிப் பார்த்தேன், திரையில் படமே வரவில்லை. இந்தக் காலத்துக் கேமராக்களில் வயரோடு ஒரு குட்டி ஜாய்ஸ்டிக் பட்டன் வரும். அதை ஒரு பக்கமாக ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் டிவிஐ, சிவிஐ, ஏஹெச்டி, பழைய அனலாக் என்று நான்கு முறைக்கும் மாறும். எந்தப் பக்கம் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழைய அனலாக்குக்கு மாற்றினேன், படம் வந்தது, ஆனால் அதே 576 வரிப் படம். டிவிஆர் பழையதாக இருக்கிறவரை எத்தனை மெகாபிக்ஸல் கேமரா போட்டாலும் அதுதான் கிடைக்கும்.

மறுபக்கம், இப்போது எக்ஸ்விஆர் என்ற பெயரில் வருகிற பெட்டி இந்த நான்கையும் ஏற்றுக்கொள்ளும், ஓரிரு ஐபி கேமராவையும் சேர்த்துக்கொள்ளும், எந்தச் சேனலில் எது வந்திருக்கிறது என்று பெரும்பாலும் தானே கண்டுபிடித்துவிடும். ஆக, பெட்டியை மட்டும் முதலில் மாற்றிவிட்டுப் பழைய கேமராக்களை அப்படியே ஓடவிடலாம், கையில் காசு வரும்போது ஒவ்வொன்றாக மாற்றலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியவில்லை.

பெட்டி வாங்கும்போது ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். 1080 என்று பெரிதாக எழுதிப் பக்கத்தில் சின்னதாக 'என்' அல்லது 'லைட்' என்று போட்டிருந்தால், அந்தப் பெட்டி 1920-க்குப் பதிலாக 960 பிக்ஸல் அகலத்தில்தான் பதிவு செய்யும், காட்டும்போது இழுத்துக் காட்டும். உயரம் 1080 இருக்கும், அகலத்தில் பாதி போய்விடும். நேரலையில் பார்க்க அழகாக இருக்கும், பதிவை எடுத்து முகத்தைப் பெரிதாக்கும்போதுதான் தெரியும். நான்கு சேனலிலும் முழு 1080 பதிவாகுமா, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று கடையிலேயே கேட்டு, முடிந்தால் மெனுவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அந்தக் காலத்து டிவிஆர் பலவற்றில் முதல் சேனல் மட்டும் முழு அளவிலும் மற்றவை 352-க்கு 288 என்ற கால்வாசி அளவிலும் பதிவாகும்படி வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் இன்னும் பழையது ஓடுகிறது என்றால் இன்றைக்கே ரெக்கார்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள், காசு செலவில்லாமல் கொஞ்சம் தெளிவு கூடலாம்.

சரி, இனி கேமரா. எத்தனை மெகாபிக்ஸல் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், நமக்குத் தேவையான இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்ஸல் விழுகிறது என்பது. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையில் இதற்குக் கணக்கே இருக்கிறது. ஆள் இருக்கிறான் என்று தெரிய மீட்டருக்கு 25 பிக்ஸல் போதும். தெரிந்த ஆளா என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் தெரியாதவனை இவன்தான் என்று அடையாளம் காட்ட 250 வேண்டும். இதைப் படித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கேட்டைப் பார்க்கிற போர்ட்டிகோ கேமராவிலிருந்து (கேட் கேமரா என்பது இதைத்தான்) கேட் 8 மீட்டர். அக்கா மகளை கேட் வரிசையில் நிறுத்தி, அவள் திரையின் இடது ஓரத்தில் மறையும் இடத்திலும் வலது ஓரத்தில் மறையும் இடத்திலும் சாக்பீஸால் கோடு போட்டோம். இரண்டுக்கும் நடுவே 11 மீட்டர் இருந்தது. 704-ஐ 11-ஆல் வகுத்தால் 64. மீட்டருக்கு 64 பிக்ஸல். மனித முகத்தின் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர், அப்படியென்றால் ஆச்சியை இடித்தவனின் முகம் எங்கள் டிவிஆரில் அதிகம் போனால் பத்துப் புள்ளி அகலம்தான். பத்துப் புள்ளியில் எந்த ஏட்டாலும் எந்தக் கம்ப்யூட்டராலும் ஒரு முகத்தை வரவழைக்க முடியாது. சாக்பீஸ் கோட்டின் மேல் நின்றுகொண்டு அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு விஷயம் முழுசாக விளங்கியது.

இப்போது லென்ஸ். கடைக்காரர்கள் வழக்கமாகக் கொடுப்பது 2.8 மில்லிமீட்டர், அகலமாகத் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் சந்தோஷம். ஆனால் அதன் பார்வைக் கோணம் 100 டிகிரிக்கு மேல். 8 மீட்டர் தள்ளி 19 மீட்டர் அகலத்தைக் காட்டும். 1920-ஐ 19-ஆல் வகுத்தால் 101 வருகிறது. ஐந்து மடங்கு புள்ளிகள் இருக்கிற புதுக் கேமரா வாங்கியும் தெரிந்த ஆளா என்று சொல்லும் அளவைக்கூட எட்டவில்லை! அதே கேமரா 6 மில்லிமீட்டர் லென்ஸோடு வந்தால் கோணம் ஏறக்குறைய 50 டிகிரி, 8 மீட்டரில் ஏழரை மீட்டர் அகலம், மீட்டருக்கு 256 பிக்ஸல். கேட்டும் எதிர் வாசலும் மட்டும் தெரியும், ஆனால் முகம் தெரியும். கடையில் 6 மில்லிமீட்டர் கேட்டபோது, யாரும் வாங்குவதில்லை, ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும் என்றார்கள். நான்கு நாள் காத்திருந்தேன். தெரு முழுவதும் தெரிய வேண்டும் என்பதற்காக மாடியில் இன்னொன்று 2.8-ல் போட்டேன். ஒன்று எங்கே போனான் என்று காட்டும், மற்றது யார் என்று காட்டும்.

மாட்டுகிற அன்றைக்குத்தான் உண்மையான வேலை இருந்தது. கேட் கேமராவின் ஜாயின்ட் ஒரு சின்னப் பெட்டிக்குள் தூணில் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், எங்கள் வாசலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. டிவிஆர் மாடி அலமாரியில் இருந்ததால் தப்பித்தது, தூண் பெட்டி முங்கிவிட்டது. அதற்கப்புறம் கேட் படத்தில் மெல்லிய கோடுகள் ஓடிக்கொண்டே இருந்தன, கேமராவுக்கு வயசாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். பெட்டியைத் திறந்தால், கோஆக்ஸ் முனையில் மாட்டுகிற பிஎன்சி கனெக்டரின் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. திருகிக் கழற்றியபோது உள் ஊசி கையோடு உதிர்ந்து வந்தது. கடல் காற்றில் உப்பு, அதோடு வெள்ளத் தண்ணீர். வயரை ஒரு சாண் உள்ளே வெட்டி, பிளேடால் உறையைச் சீவி, நடுக் கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளேயும் செம்பு நிறம், காந்தம் ஒட்டவில்லை. விலை குறைந்த கேபிளில் இரும்புக் கம்பிக்குச் செம்பு முலாம்தான் இருக்கும், காந்தம் டக்கென்று பிடித்துக்கொள்ளும். அப்பா நல்ல கேபிள் வாங்கியிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தச் செம்பைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

புதுக் கனெக்டர்களைத் திருகு வகையில் போடவில்லை, டெக்னீசியன் தம்பியிடம் சொல்லி கிரிம்ப் டூல் வைத்து அழுத்தும் வகையில் போட வைத்தேன். அவரும் சுவரை உடைக்க வேண்டாம் என்று முடிவானதும் முழு மனதோடு வேலை பார்த்தார், நல்ல கைப்பதம் உள்ள பிள்ளை. பெட்டியைத் தூணின் மேல் பக்கம் ஏற்றி, வயர் நுழையும் ஓட்டையைக் கீழ்ப்பக்கமாக வைத்து சிலிகான் அடைத்தோம்.

அன்றிரவு மாடியில் போட்ட புதுக் கேமரா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அணைந்து அணைந்து எரிந்தது. பகலில் ஒரு தொந்தரவும் இல்லை, இருட்டியதும்தான். இதைக் கேமரா பழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. இருட்டில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும், மெல்லிய வயரில் அவ்வளவு தூரம் வரும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். மல்டிமீட்டரை வைத்தால் பவர் சப்ளை பெட்டியில் 12.1 வோல்ட், 35 மீட்டர் தள்ளி கேமரா முனையில் 10.4. வழியில் 1.7 வோல்ட் போய்விட்டது. 3+1-இல் மூன்று கரண்ட் வயர் இருக்கிறது, பயன்படுவது இரண்டுதான். மூன்றாவது சும்மா கிடந்தது. அதை இரண்டு முனையிலும் நெகட்டிவ் வயரோடு சேர்த்து முறுக்கினோம், 10.8-க்கு ஏறியது. பவர் சப்ளை பெட்டியில் ஒரு சின்னத் திருகாணி உண்டு, அதைத் துளித் துளியாகத் திருப்பி வோல்டேஜைச் சற்று ஏற்றியதும் கேமரா முனையில் 11.3. மற்றக் கேமராக்களின் முனையிலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் விட்டோம். அதற்கப்புறம் ஒரு தரம்கூட அணையவில்லை.

நம்பர் பிளேட் விஷயத்தில் உள்ளதைச் சொல்கிறேன், யாரும் ஏமாற வேண்டாம். இருட்டில் கேமராவின் ஷட்டர் நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். பைக் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலே அந்த நேரத்துக்குள் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எழுத்தெல்லாம் ஒரு அடிக்கு இழுபட்டுப் போகும், மெகாபிக்ஸலைக் கூட்டினாலும் இழுபட்டதுதான் தெளிவாகத் தெரியும். ஷட்டரை 250-இல் ஒரு பங்காக்கினால் 3 சென்டிமீட்டர்தான் நகரும், ஆனால் படம் இருண்டுவிடும். அதற்கு வெளிச்சம் வேண்டும். கேட் தூணில் பொழுது சாய்ந்ததும் தானே எரிகிற எல்இடி பல்ப் ஒன்று போட்டேன், இந்த வேலையிலேயே குறைந்த செலவு அதுதான், அதிகப் பலன் தந்ததும் அதுதான். இப்போது மெதுவாகத் திரும்புகிற வண்டியின் நம்பரை வாசிக்க முடிகிறது. வேகமாகப் போகிற வண்டியின் நம்பர் இன்னும் முடியாது, அதற்கென்றே தனிக் கேமரா இருக்கிறது.

மற்றவை எல்லாம் சுருக்கமாக. ஹார்டு டிஸ்க் கண்காணிப்புக்கென்று வருகிற 2 டிபி. நான்கு சேனலுக்கும் தலா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வைத்தால் ஒரு நாளைக்கு 86 ஜிபி, மூன்று வாரத்துக்கு மேல் பதிவு நிற்கிறது. பழைய டிஸ்கைப் புதுப் பெட்டியில் போட்டால் ஃபார்மேட் கேட்கும், பதிவு எல்லாம் போய்விடும், அதனால் ஆச்சி விழுந்த அந்தப் பதிவை முதலிலேயே இரண்டு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். கடிகாரத்தை இன்டர்நெட் நேரத்தோடு இணைத்தாயிற்று. இது சின்ன விஷயமில்லை. 2024 ஜூலை 1-லிருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி கேமராப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது ஹாஷ் மதிப்போடு (பதிவை யாரும் மாற்றவில்லை என்று காட்டுகிற, கைரேகை மாதிரியான எண்) சான்றிதழ் வைக்க வேண்டும், அப்படி எல்லாம் முறையாகக் கொடுக்கும்போது நேரம் 17 நிமிடம் தப்பாக இருந்தால் எதிர்த் தரப்பு அதைத்தான் பிடிக்கும். பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க வீட்டு டிவிஆர்களுக்குள்ளும் கேமராக்களுக்குள்ளும் புகுந்தது, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான்.

மொத்தச் செலவு 12,500 ரூபாய் ஆயிற்று. பெட்டி, டிஸ்க், இரண்டு கேமரா, கனெக்டர்கள், கூலி எல்லாம் சேர்த்து. சுவரில் ஒரு கீறல் இல்லை. பின்வாசலும் மொட்டை மாடியும் இன்னும் 2013 கேமராதான், புதுப் பெட்டியில் அதே பழைய முறையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்க்க 4 லட்சம் புள்ளி தாராளம். பின்வாசலை மட்டும் பொங்கலுக்கு அப்புறம் மாற்ற வேண்டும்.

ஒரு வாரம் கழித்து ஆச்சியைக் கூட்டிவந்து திரையைக் காட்டினேன். கேட் கேமராவில் அவர்கள் வீட்டு வாசல் முழுசாகத் தெரிகிறது, அடுக்களை ஜன்னலும் தெரிந்தது, அதை ஆச்சியிடம் கேட்டுவிட்டு அந்த இடத்தை மட்டும் கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிட்டேன், பெட்டியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஆச்சி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கைமுறிவுக்கு அப்புறம் அவர்கள் வாசலில் கோலம் போடுவது பேத்திதான். திரையில் அந்தக் கோலத்தின் புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, "மூணாவது வரிசையில ஒரு புள்ளி விட்டுட்டா பாரு" என்றார்.